மூன்று ஞாயிறுகளும் மூன்று மாதங்களும்: யாழ்ப்பாணத்துக் காணியும் இணைய வரைபடமும்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றை மடிப்புக் கிழியாமல் விரித்துப் பாருங்கள். முதலில் வருவது கோவிற்பற்று. பறங்கியரும் ஒல்லாந்தரும் தேவாலயத்தை நடுவில் வைத்து ஊர்களைப் பிரித்த கணக்கு அது. அடுத்து வருவது காணியின் பெயர். இங்கே வீட்டுக்குப் பெயர் இல்லாமல் இருக்கலாம், காணிக்கு இருக்கும்: கலட்டி, புலம், சீமா, ஓடை, வளவு, கிணற்றடி என்று ஏதோ ஒன்றில் முடியும். பெயருக்குப் பின் அளவு, பரப்பிலும் குழியிலும். அதற்குப் பின் நாலு எல்லை. கிழக்கே ஒழுங்கை; வடக்கே இன்னாரும் பங்காளிகளும்; மேற்கே இன்னாரின் பெண்சாதி இன்னார்; தெற்கே கோயில் காணி. கடைசியில் கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால், வான்பயிர், தான்பயிர்.

இதை எழுதிய நொத்தாரிசுக்கு அந்த ஒழுங்கை தெரியும். வாங்கியவருக்கு வடக்கு எல்லைக்காரரைத் தெரியும். பழைய உறுதிகள் பலவற்றோடு பிளான் இணைந்திருக்காது, இணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை. கதியால் எங்கே நிற்கிறது, எந்தப் பனை எல்லைப் பனை என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அந்த ஊர் ஓரிடத்தில் இருந்த காலம்வரை இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடியது. வடக்கு எல்லைக்காரர் செத்து, அவர் பிள்ளைகள் ஸ்காபரோவிலும் பாரிஸிலுமாகப் போய், கிளுவை வேலி இருந்த இடத்தில் மதில் எழும்பிய பிறகு, அதே உறுதி புதிர்போல ஆகிவிட்டது. சொல்லில் பிழையில்லை. சொல் சுட்டிய ஆட்கள்தான் இல்லை.

உள்ளூராட்சி சபைகளிடம் இருக்கும் காணி, ஆதன வரைபடத் தரவை இணையத்தில் வெளியிடுவது பற்றிய பேச்சு உலகமெங்கும் நடக்கிறது. அதை நிர்வாக வசதி என்றோ முதலீட்டுக்கான ஏற்பாடு என்றோதான் வழமையாகப் பேசுவார்கள். யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்வியின் முகம் வேறு. இங்கே காணி பறிபோவது பெரும்பாலும் அறிவித்தல் ஒட்டப்படும் கட்டத்தில். யாருடைய காணி என்று அறிவித்தல் சொல்கிறதோ அவர் அதை வாசிக்க முடியாத இடத்தில் இருக்கிறார்.

அறிவித்தலின் சரித்திரம்

யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்துக் கொடுத்த வழமைச் சட்டமான தேசவழமையை இன்று சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்ற மூன்று சொற்களுக்காகவே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறோர் இடம், காணி விற்பனை பற்றிய பகுதி. உரித்தாளிக்கும் பங்காளிக்கும் அண்டைக் காணிக்காரருக்கும் தெரியாமல் காணியை விற்கக் கூடாது என்பது பழைய வழமை. முதலில் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஒல்லாந்தர் இந்த வழமைக்கு ஒரு நடைமுறையைக் கட்டினார்கள். விற்கப் போகிறவர் தம் எண்ணத்தைத் தாம் சேர்ந்த தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவிக்க வேண்டும். ஆட்சேபம் உள்ளவர் அதற்குள் சொல்ல வேண்டும்.

மூன்று ஞாயிறு போதுமாக இருந்ததற்குக் காரணம், ஆட்சேபிக்கக் கூடிய எல்லோரும் அந்தக் கோவிற்பற்றுக்குள் இருந்ததுதான். விருப்பத்தோடு போனார்களா என்பது வேறு கதை. ஒல்லாந்தர் காலத்துத் தேவாலய வருகைக்குள் இருந்த கட்டாயம் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் காதில் விழுந்தது. 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் ஆங்கிலேயர் தேசவழமையைச் சட்டமாக ஏற்றார்கள். 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் முன்வாங்கும் உரிமையைப் புதிதாக வரையறுத்தது. பங்காளிக்கு அறிவிக்காமல் விற்ற காணிக்கு இன்றும் வழக்கு வரும். காணி விஷயத்தில் அறிவித்தல் என்பது உரிமையின் ஒரு பகுதி என்ற எண்ணம் இந்த மண்ணில் முந்நூறு ஆண்டு பழையது.

இதை வைத்துக்கொண்டு அண்மைய இரண்டு அறிவித்தல்களைப் பார்க்கலாம்.

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கிலும் கிழக்கிலுமாக 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கு, காணி எடுத்தற் சட்டத்தின் இரண்டாம் பிரிவின்கீழ் அறிவித்தல் வந்தது. அந்தக் காணியின் சொந்தக்காரர் 1990 இல் இடம்பெயர்ந்தவர்கள். காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள். அறிவித்தலோ அந்தப் பக்கத்திலேயே ஒட்டப்பட்டது. உரிமையாளர்களைக் கண்டறிய முடியவில்லை என்றது அரசு. அந்த உரிமையாளர்களில் பலர் சில கிலோமீற்றர் தள்ளி, மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி முகாம்களில் அரச நிவாரணப் பட்டியலில் பெயரோடு இருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் அவர்கள் கண்டறியப்பட்டார்கள் என்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது, 2025 மார்ச் 28 ஆம் திகதிய 2430 ஆம் இலக்க வர்த்தமானி. 1931 ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வடக்கில் 5,940 ஏக்கருக்கு உரித்துக் கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் முன்வர வேண்டும், இல்லாவிட்டால் அரச காணியாகப் பிரகடனப்படுத்தப்படும் என்றது. அதில் 3,669 ஏக்கர் யாழ்ப்பாண மாவட்டத்தில், வடமராட்சி கிழக்குக் கரையோரமும் உட்பட. 2004 டிசம்பர் 26 இல் கடல் ஏறி வீட்டோடு பெட்டியையும் பெட்டிக்குள் இருந்த உறுதியையும் கொண்டுபோன கரை அது. அதற்கு முன்னும் பின்னும் சண்டையில் இடம்பெயர்ந்த கரையும் அதுதான். வழக்குப் போடப்பட்டு, 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசும் அந்த வர்த்தமானியைக் கைவிட்டது.

அரசின் விளக்கத்தை முழுப் பொய் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. போர் காரணமாக வடக்கில் நிர்ணய வேலை நடக்கவில்லை, உரித்தைத் தெளிவாக்கவே அறிவித்தல் என்றார்கள். இருக்கலாம். வர்த்தமானி இணையத்திலும் இருந்தது. ஆனால் வர்த்தமானியில் இருப்பது சொல். கிராமத்தின் பெயர், துண்டு, ஏக்கர். என் பாட்டனின் முந்திரிகைத் தோட்டம் இந்த ஏக்கருக்குள் வருகிறதா என்று ரொறன்ரோவில் இருப்பவர் அறிய வேண்டுமானால் வரைபடம் வேண்டும், அந்த வரைபடத்தின்மேல் தன் காணியை வைத்துப் பார்க்க வழி வேண்டும். மூன்று ஞாயிறைவிட மூன்று மாதம் நீளமானதுதான். ஆனால் அந்த மூன்று ஞாயிறும் கேட்க வேண்டியவர் காதில் விழுந்தவை.

யாரிடம் என்ன இருக்கிறது

யாழ்ப்பாணத்தில் காணியின் அறிவு நாலு அலுமாரிகளில் பிரிந்து கிடக்கிறது.

காணிப் பதிவகத்தில் உறுதிகளின் பதிவு உண்டு. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் காணி கைமாறாது. 1927 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அந்த ஆவணம் பதியப்படும். பதியப்படுவது ஆவணம் மட்டுமே, காணியின் உருவம் அல்ல. நில அளவைத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2 இல் தொடங்கியது, நாட்டின் மிகப் பழைய திணைக்களங்களில் ஒன்று. அதனிடம் அரச காணி வரைபடங்களும் நிலப்பட வரைபடங்களும் உண்டு. உங்கள் வளவின் பிளானோ பெரும்பாலும் அதை அளந்த தனியார் நில அளவையாளரின் வீட்டு அறையில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அவர் காலமானால் அந்த அறை யாருடையதோ பிளானும் அவர்களுடையது. மூன்றாவது அலுமாரி பிரதேச செயலகம்: அனுமதிப்பத்திரம், அளிப்புப் பத்திரம், அரச காணி. மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள், அவற்றின்கீழ் 435 கிராம அலுவலர் பிரிவுகள்.

நாலாவது அலுமாரி உள்ளூராட்சி சபையில் இருக்கிறது. ஒரு மாநகர சபை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி என மூன்று நகர சபைகள், நெடுந்தீவிலிருந்து வலிகாமம் கிழக்கு வரை பதின்மூன்று பிரதேச சபைகள், ஆக 17. காணி அதிகாரம் யாருக்கு என்று அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் வந்த நாளிலிருந்து கொழும்போடு இழுபறி நடக்கிறது. 2013 இல் உயர் நீதிமன்றம் அரச காணி அதிகாரம் மத்திக்கே என்று தீர்த்தும் வைத்தது. அந்தச் சண்டையின் சத்தத்தில் இந்த நாலாவது அலுமாரியை யாரும் கவனிப்பதில்லை. இதைத் திறக்க அரசியலமைப்புத் திருத்தம் எதுவும் வேண்டாம்.

ஜனவரி மாதக் கடைசியில் ஏதாவதொரு சபையின் வரி கவுண்டருக்குப் போனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியும். அந்த மாதம் 31 ஆம் திகதிக்குள் முழு ஆண்டுச் சோலைவரியையும், அதாவது ஆதனவரியையும், கட்டினால் பத்து வீதக் கழிவு. ஆகவே வரிசை முற்றத்துக்கு வந்துவிடும். கையில் போன வருடத்துப் பற்றுச்சீட்டு. அதில் ஆதன இலக்கம், வீதியின் பெயர், ஆண்டுப் பெறுமதி, வரி செலுத்துபவரின் பெயர். பெயர் பல வேளை தாத்தாவுடையது. அவர் இறந்து எத்தனையோ வருடம், பெயர் மாற்றவில்லை, மாற்றப் போனால் உறுதி கேட்பார்கள், உறுதி பிரிபடாத பங்கில் இருக்கிறது. லிகிதர் பதிவேட்டைப் புரட்டி இலக்கத்தைக் கண்டுபிடிக்கிறார். பிடிபடாவிட்டால் உள்ளே இருக்கும் வருமானப் பரிசோதகரைக் கூப்பிடுகிறார்கள். அவர் பதிவேட்டைப் பார்ப்பதில்லை. "வைரவர் கோயிலுக்கு எதிர் ஒழுங்கையில மூண்டாவது வீடோ? முன்னுக்கு மாமரம் நிக்கும், அதுவோ?" என்று கேட்கிறார். அதுதான்.

அந்தப் பதிவேடு உரித்துக்குச் சாட்சியல்ல. வரி கட்டியவர் சொந்தக்காரர் என்று எந்த நீதிமன்றமும் அதை வைத்து மட்டும் தீர்க்காது. ஆனால் வேறு எந்த அலுமாரியிலும் இல்லாத ஒன்று அதில் உண்டு: இந்த ஒழுங்கையில் இந்த வரிசையில் இத்தனை ஆதனங்கள் என்ற ஒழுங்கு. அத்தோடு, வீடு கட்டவோ காணி பிரிக்கவோ அனுமதி கேட்டு வருகிறவர் ஒவ்வொருவரும் நில அளவையாளரின் பிளான் பிரதியைச் சபையிலேயே கொடுக்கிறார். அனுமதி கிடைத்த பிறகு கோப்பு கட்டி அடுக்கப்படுகிறது. தனியார் அளவையாளர்களின் அறைகளில் சிதறிக் கிடக்கும் பிளான்களில் ஒரு பங்கு இப்படிச் சபைக் கட்டடத்துக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. அதைக் கரையான் வாசிக்கிறது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். பிரதேச சபைகள் தம் எல்லை முழுவதிலும் ஆதனவரி அறவிடுவதில்லை. அபிவிருத்தியடைந்த பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில்தான் அறவிடலாம். நல்லூரிலும் திருநெல்வேலியிலும் பதிவேடு தடித்தது. கரையோர மணல்வெளியிலும் தரவையிலும் மெலிந்து மறைகிறது. 2025 வர்த்தமானி தொட்ட மாதிரியான நிலத்தில் சபையின் பதிவேடு பெரிய துணையாக இருக்காது.

உருவம் முதல், பெயர் பிறகு

அப்படியானால் எதை வெளியிடுவது? நம்மவர் முதலில் காட்டுவது தமிழ்நாட்டை. அங்கே மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா திரையில் வருகிறது. புலப்படத்தையும் பதிவிறக்கலாம். பாண்டிபஜார் தேநீர்க்கடையில் இருந்தபடியே தஞ்சாவூர் வயலின் பக்க நீளங்களைப் பார்க்கலாம். பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் ரயத்துவாரி அளவையின் நூறாண்டு வேலை நிற்கிறது: வரி வாங்குவதற்காக ஒவ்வொரு புலத்தையும் அளந்து எண் போட்டார்கள், கல் நட்டார்கள். கணினி அந்த எண்ணை எடுத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்துத் தனியார் காணிக்கு அப்படி ஊர் முழுவதும் ஓடும் ஒரு எண் இல்லை. பழைய காணிப் பதிவேடான தோம்பில் பெயர் இருந்தது, உறுதியில் எல்லை இருந்தது. 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டமும் அதைச் செயற்படுத்த வந்த 'பிம் சவிய' திட்டமும் துண்டுக்கு ஒரு இலக்கம், இலக்கத்துக்கு ஒரு உரித்து என்ற முறையைக் கொண்டுவர முயல்பவை. பதினான்கு பேருக்குப் பிரிபடாத பங்குள்ள முதுசக் காணி அந்தப் பெட்டிக்குள் எளிதில் அடங்காது. அந்தப் பதினான்கு பேரையும் ஒரே நொத்தாரிசின் முன் நிறுத்துவதற்கு இன்று நாலு விசா வேண்டும்.

கர்நாடகத்தின் 'பூமி' திட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. 2000 ஐ ஒட்டிய ஆண்டுகளில் 67 இலட்சம் விவசாயிகளின் இரண்டு கோடிக் காணிப் பதிவுகள் கணினிக்குள் போயின. உலகமே பாராட்டியது. 2007 இல் சொலமன் பெஞ்சமினும் கூட்டாளிகளும் பெங்களூரைச் சுற்றி ஆராய்ந்து வேறு கதை சொன்னார்கள்: கிராமத்து அளவில் சிதறிக் கிடந்த காணி அறிவு ஓரிடத்தில் குவிந்ததும் அதை முதலில் பயன்படுத்திக்கொண்டவர்கள் பெரும் காணி வியாபாரிகள், சிறு விவசாயி முன்பிருந்ததைவிடப் பலவீனப்பட்டார். திறந்த தரவு என்றாலே ஏழைக்கு நன்மை என்று முழங்குபவர்கள் முன்னால் இந்த ஆய்வை வைக்க வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் அந்த ஆபத்துக்கு உள்ளூர்ப் பெயர் உண்டு: கள்ள உறுதி. ஆளில்லாத காணியைத் தேடிப் பிடித்து, வெளிநாட்டில் இருப்பவரின் பெயரில் ஆளை மாற்றி நிறுத்தி, பொய் அற்றோணித் தத்துவத்தோடு உறுதி முடிப்பது. இந்த வேலை செய்கிறவருக்கு வேண்டியது ஒன்றே: எந்தக் காணிக்கு எந்தச் சொந்தக்காரர், அவர் நாட்டில் இருக்கிறாரா. பெயரோடு கூடிய ஆதனப் பட்டியலை இணையத்தில் போட்டால், பல வருட வரி நிலுவை என்ற குறிப்பும் சேர்ந்தால், அவருக்குப் பட்டியலையே நாம் எழுதிக் கொடுத்ததாகும். தனியாக வாழும் பெண்ணின் வீடு எது என்பதும் அதே பட்டியலில் தெரியும். 1990 ஒக்ரோபரில் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பங்களின் காணிகளில் இப்போது யார் யார் என்ற கேள்வியும் பெயர்ப்பட்டியலோடு வெளியே வரும். அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். அதை ஒரு சபையின் இணையத்தளம் தற்செயலாகச் சொல்லிவிடக் கூடாது.

இங்கிலாந்தின் காணிப் பதிவகம் இதற்கு ஒரு நடுவழி கண்டிருக்கிறது. பதியப்பட்ட காணிகளின் உருவங்களை, இடம் காட்டும் அளவுக்கு மட்டும், அடையாள இலக்கத்தோடு இலவசமாக வெளியிடுகிறது. அந்தக் கோப்பில் பெயர் இல்லை. தனியாள் ஒருவரின் பெயர் வேண்டுமானால் ஒவ்வொரு காணிக்கும் தனித்தனியே கேட்டு, காசு கட்டி எடுக்க வேண்டும். கம்பெனிகள் வைத்திருக்கும் காணிகளின் பட்டியலையோ 2017 முதல் மொத்தமாகவே இலவசமாகத் தருகிறது. தனியாளுக்கு மறைவு, கம்பெனிக்கு வெளிச்சம். இந்த வேறுபாடு நமக்கும் பொருந்தும் என்பது என் கணிப்பு. கம்பெனியின் இடத்தில் அரச திணைக்களங்களையும் படையினரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்தத் துண்டு எந்தச் சட்டப் பிரிவின்கீழ், எந்தத் திகதிய அறிவித்தலின்படி யாரிடம் இருக்கிறது என்பதை மறைப்பதற்கு 2022 ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமில்லை, அரசு தனியாள் அல்லவே. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ கேட்காமலே வெளியிட வேண்டியவை உண்டு என்கிறது.

ஆகவே ஒரு சபை வெளியிடத் தக்கது இவ்வளவுதான்: ஆதனத்தின் உருவம், ஆதன இலக்கம், ஒழுங்கை, கிடைத்தால் பிளான் இலக்கமும் திகதியும், காணியின் பெயர். அதன்மேல் இன்னொரு படையாக, நடப்பில் உள்ள சுவீகரிப்பு, நிர்ணய அறிவித்தல்கள். தன் இலக்கத்தைப் பதிந்து வைத்தவருக்கு, அந்த உருவத்தின்மேல் புதிய அறிவித்தல் விழும்போது ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நடந்ததும் இதுவே.

இருநூறு மீற்றர்

வரைவது சுலபம் என்று நினைத்தால் ஏமாறுவோம். இலங்கையின் பழைய வரைபடங்கள் கண்டாவளை என்ற ஆள்கூற்று அடிப்படையில் அமைந்தவை. கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் வேறொன்றில் இயங்குகிறது. மாற்றாமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் இருநூறு மீற்றருக்கு மேல் விலகும். ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச், 2,722 சதுர அடி, அதாவது ஏறத்தாழப் பதினாறு மீற்றருக்குப் பதினாறு மீற்றர். இருநூறு மீற்றர் என்றால் பன்னிரண்டு வளவு தாண்டி யாரோ ஒருவருடைய கிணற்றடியில் போய் நிற்போம். கணிதத்தால் திருத்தக்கூடிய பிழைதான் இது. ஆனால் திருத்த வேண்டும் என்று தெரிந்த ஓராள் சபையில் வேண்டும்.

அளவும் அப்படியே. லாச்சம் என்ற ஒரே சொல் இரண்டு அளவைக் குறிக்கும். வரகு விதைக்கும் நிலமானால் ஒரு லாச்சம் 18 குழி, நெல் விதைக்கும் நிலமானால் 12 குழி. ஏக்கருக்கு முன்னது 16, பின்னது 24. உறுதியில் வரகு என்ற ஒரு சொல் மங்கியிருந்தால் காணியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கொழும்பில் செய்த மென்பொருள் ஹெக்ரேயரில் மட்டும் காட்டுமானால், அதைப் பார்க்கும் கொக்குவில் ஆச்சி தன் காணி குறைந்துவிட்டது என்றுதான் நினைப்பார். பரப்பும் குழியும் திரையில் வர வேண்டும். இது உணர்ச்சிப் பேச்சு அல்ல, உறுதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழியில்லை.

அடுத்தது வேலி. உறுதியில் ஒரு கோடு, பிளானில் ஒரு கோடு, நிலத்தில் கதியால் நிற்கும் கோடு என்று ஒரே எல்லைக்கு மூன்று கோடுகள் இருப்பது யாழ்ப்பாணத்தில் புதினமல்ல. வருடாவருடம் வேலி அடைக்கும்போது ஒரு சாண் அங்கே, ஒரு சாண் இங்கே. பத்து ஆண்டு தடையில்லாமல் ஆண்டால் உரிமை என்ற 1871 ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சாணுக்கு வாய் கொடுத்துவிடுகிறது. சபை வான்படத்தைப் பார்த்து மதிலை எல்லையாக வரைந்து இணையத்தில் போட்டால், அடுத்த நாளே அதன் அச்சுப்பிரதி இணக்கசபைக்குப் போகும். 'இது எல்லைக்கு ஆதாரமல்ல' என்ற வரியைக் கீழே சின்ன எழுத்தில் போட்டுத் தப்ப முடியாது. கோட்டையே வேறாக வரைய வேண்டும்: பிளானிலிருந்து வந்தது முழுக்கோடு, வான்படத்திலிருந்து வந்தது முறிகோடு, வழக்கில் உள்ளது கோடே இல்லாமல் ஒரு புள்ளி. புள்ளியே போதும் பல வேலைகளுக்கு. அறிவித்தல் அனுப்ப உருவம் துல்லியமாக இருக்க வேண்டும் என்றில்லை.

இதை வெளியாரின் பெரிய திட்டமாக மட்டும் எண்ண வேண்டியதில்லை. மட்டக்களப்பில் மண்முனை வடக்கில், உலக வங்கியின் துணையோடு 2013, 2014 அளவில் 30,000 க்கும் மேற்பட்ட கட்டடங்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில் வரையப்பட்டன. நோக்கம் அனர்த்த முகாமைத்துவம். வரையப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களுக்கு ஒழுங்கை தெரியும், கட்டடம் எதுவென்று தெரியும். காணி உரித்துப் பக்கம் அவர்கள் போகவில்லை. அதனால்தான் வேலை முடிந்தது என்றும் தோன்றுகிறது.

அனர்த்தம் என்றதும் காணிப் பெயர்களுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. நான் இந்தத் தரவில் எல்லாவற்றையும்விட விரும்பிப் பார்க்க ஆசைப்படுவது அவற்றைத்தான். கலட்டி என்றால் கல்லுத் தரை, மண் மெல்லிசு, தண்ணீர் நிற்காது. ஓடை என்றால் ஒரு காலத்தில் மாரித் தண்ணீர் அதன் வழியாகப் போனது. தரவை, பள்ளம், குளத்தடி, தாழ்வு என்பவற்றுக்கு விளக்கம் வேண்டாம். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் மழை எங்கே நின்று எங்கே இறங்கி வழுக்கியாற்றுக்கும் கடலுக்கும் போனது என்பதை ஊரார் காணிக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்கள் உறுதிக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. 2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் வெள்ளம் ஏறிய வீடுகள் எத்தனை ஓடையிலும் பள்ளத்திலும் நின்றன என்று பார்க்க எனக்கு இன்றுவரை வழியில்லை. பெயரையும் உருவத்தையும் சேர்த்த ஒரு படம் இருந்தால் ஒரு பின்னேரத்தில் பார்த்துவிடலாம். கட்டட அனுமதி கொடுக்கும் அதே சபையின் மேசையில் அந்தப் படம் விரிந்திருந்தால், வாய்க்காலை மூடி மதில் கட்டும் விண்ணப்பம் சில வேளை வேறு மாதிரி முடியும்.

2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6 இல் தேர்தல் நடக்கும் வரை அதிகாரிகளே நடத்தினார்கள். இப்போது மக்கள் தெரிவு செய்த உறுப்பினர்கள் மறுபடி இருக்கிறார்கள். அவர்கள் கூட்டங்களில் காணி பற்றிப் பேசப்படுவதும் தீர்மானங்கள் நிறைவேறுவதும் வழமை. ஒரு வட்டாரத்தின் பதிவேட்டைப் படமாக்கும் செலவு அந்தத் தீர்மானங்களை அச்சிடும் செலவைவிட மிக அதிகமாக இராது. அந்த வைரவர் கோயில் ஒழுங்கையைச் சொன்ன வருமானப் பரிசோதகர் ஓய்வு பெறுவதற்குள் அவரோடு ஒரு மாதம் நடந்தால் பாதி வேலை முடிந்தது.

வலிகாமம் வடக்கில் அதுவும் நடக்காது. அங்கே விடுவிக்கப்படாத பகுதிக்குள் நடந்து பார்க்க ஒழுங்கையே இல்லை. வேலிகள் போய்விட்டன, வீடுகள் இடிக்கப்பட்டு, பல இடங்களில் அத்திவாரமும் தெரியாது. வான்படத்தில் பச்சையும் ஓடுபாதையும்தான். அந்த இடத்தைச் சபை வெள்ளையாக விட்டால், அங்கே யாரும் இருந்ததில்லை என்று படம் சொல்லும். அங்கே வரைபடத்தை எதிர்ப்பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மக்களிடம் இருக்கும் உறுதியையும் பிளானையும் வாங்கிப் படமெடுத்து, ஒன்றின் கிழக்கு எல்லையை மற்றதன் மேற்கு எல்லையோடு பொருத்தி, ஒழுங்கை ஒழுங்கையாகக் கட்டி வர வேண்டும். கோணப்புலம் முகாமில் முப்பது வருடம் இருந்தவர்கள் அந்தக் கடதாசிகளைப் பொலித்தீன் பையில் போட்டு, பையைத் தகரப் பெட்டியில் போட்டு, மழை ஒழுகாத மூலையில் வைத்திருந்தார்கள். வடக்கு எல்லை இன்னார் என்று அதில் எழுதியிருக்கும். அந்த இன்னாரின் பெட்டி அடுத்த கொட்டிலில்.